பாவித்த எம்710கியூவா, புதிய என்100 பெட்டியா: உப்புவெளி வீட்டுக்கு ஒரு சின்ன சேர்வர்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். திருகோணமலை உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட வீடு. ஐந்து பேரின் போன்களில் உள்ள படங்களும் வீடியோக்களும் ஒரே இடத்தில், அதாவது வீட்டில் எந்நேரமும் ஓடும் ஒரு கணினியில் (சேர்வர்), சேர வேண்டும். நாலு சிசிடிவி கமராக்களின் பதிவு இரண்டு கிழமைக்காவது நிற்க வேண்டும். ரிவியில் சேர்வரிலிருந்து வீடியோ ஓட வேண்டும். 2012இல் வாங்கிய டவர் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. ஒரு கடைக்காரர் ஐ5-7500டி புரொசசரும் 8 ஜிபி ரேமும் உள்ள பாவித்த லெனோவோ எம்710கியூவைக் காட்டுகிறார், இன்னொருவர் இன்டெல் என்100 புரொசசரும் 16 ஜிபி ரேமும் உள்ள புதிய மினி பிசியைக் காட்டுகிறார். எதை எடுப்பது என்று கேட்டுவிட்டு, கடைசியில் "இரண்டு வருசத்தில தூக்கி எறிய வேண்டி வருமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். எந்தப் பெட்டியில் எதைப் பிறகு மாற்றலாம், எதை மாற்றவே முடியாது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும்.

முதலில் வேகத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். ஐ5-7500டியும் என்100உம் மொத்த வேலைத்திறனில் ஏறக்குறைய சமம். இரண்டிலும் நாலு கோர்கள். இரண்டும் எச்.265 எனப்படும், இடம் குறைவாகப் பிடிக்கும் வகை வீடியோவை (10 பிட் நிறம் உட்பட) வன்பொருளாலேயே பிரித்துக் காட்டும். அதைவிடப் புதிய ஏவி1 வகை வீடியோவை என்100 மட்டும் கையாளும். உங்கள் ரிவிக்கே ஏவி1 தெரியுமென்றால் அந்த வித்தியாசமும் இல்லை. படங்களைச் சேர்க்க இம்மிச் போன்ற ஒரு படத்தொகுப்பு மென்பொருளைப் போடுவீர்கள். முகங்களை அடையாளம் காணும் வேலையில் முதல் சில நாட்கள் புரொசசர் முழுமூச்சாக ஓடும். பிறகு நாளின் பெரும்பகுதி சும்மா இருக்கும். வீட்டுச் சேர்வர் ஒன்று புரொசசர் போதாமல் கைவிடப்படுவது அபூர்வம். டிஸ்க்குக்கு இடமில்லாமலும், சூட்டிலும், கரண்டிலும்தான் அவை தோற்கின்றன.

ஆகவே டிஸ்க் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு கமரா வினாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. நாலு கமராவுக்கு 173 ஜிபி. இரண்டு கிழமைக்கு 2.4 டிபி. கமராவில் எச்.265ஐத் தெரிவு செய்து 2 மெகாபிட்டுக்கு இறக்கினால் இது பாதியாகும். முகப்புக் கமராவை மட்டும் 4இல் விட்டு மற்ற மூன்றையும் 2இல் வைப்பது நல்ல சமரசம். போன்களில் ஆளுக்கு 100 ஜிபி என்று வைத்தாலும் படங்களுக்கு அரை டிபி போதும், வருடா வருடம் கொஞ்சம் கூடும். அதாவது படங்களுக்கு 1 டிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான வகை), கமராவுக்கு 4 டிபி ஹாட் டிஸ்க் (சுழலும் தட்டு உள்ள வகை). கமராப் பதிவை எஸ்எஸ்டியில் எழுத வேண்டாம், எழுத எழுத அது தேயும். நாளுக்கு 173 ஜிபி என்றால் வருடத்துக்கு 63 டிபி. சாதாரண 500 ஜிபி எஸ்எஸ்டிகளுக்கு உற்பத்தியாளர் உறுதி தரும் எழுத்தளவு பெரும்பாலும் 150 முதல் 300 டிபிக்குள்தான்.

இப்போது அந்த 4 டிபி டிஸ்க் எங்கே போகும் என்று பாருங்கள். எம்710கியூவுக்குள் ஒரு எம்.2 எஸ்எஸ்டியும் (பலகையில் நேரே செருகும் மெல்லிய வகை) ஒரு 2.5 அங்குல டிஸ்க்கும் போடலாம். ஆனால் அந்த 2.5 அங்குல இடம் 7 மில்லிமீற்றர் தடிப்புக்கு மட்டும். 4 டிபி, 5 டிபி 2.5 அங்குல ஹாட் டிஸ்க்குகள் 15 மில்லிமீற்றர் தடிப்பு, உள்ளே போகவே போகாது. 7 மில்லிமீற்றரில் கிடைக்கும் 2 டிபி ஹாட் டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை. தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எழுதப்படும் வகை அது, நாலு கமரா ஒரே நேரத்தில் எழுதும்போது அடிக்கடி மூச்சுத் திணறும். பெரும்பாலான என்100 பெட்டிகளிலும் இதே கதைதான். 3.5 அங்குல டிஸ்க்குக்கு அங்கே இடமே கிடையாது.

யூஎஸ்பி டிஸ்க்கை வெளியே தொங்கவிடலாமே என்பீர்கள். விடலாம், சிலருக்கு வருடக்கணக்கில் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. ஆனால் ஒரு டிஸ்க்குக்கு மேல் யூஎஸ்பியில் போட்டு ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒரே தொகுதியாகச் சேர்ப்பது) அமைக்காதீர்கள், ஒன்றின் இணைப்பு ஒரு கணம் விட்டாலும் முழுத் தொகுதியும் குழம்பும். 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுப்பதால் சுழலத் தொடங்கும் நேரத்தில் போதாமல் போய் டக் டக் என்று சத்தம் போடும். 3.5 அங்குலம் என்றால் தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ள கூடு வேண்டும். அந்த அடாப்டரும் யூபிஎஸ்ஸுக்கு வர வேண்டும். சேர்வர் யூபிஎஸ்ஸில், டிஸ்க் சுவர் பிளக்கில் என்று இருக்கும் வீடுகள் நிறைய. கரண்ட் நிற்கும்போது சேர்வர் உயிரோடு இருக்க, டிஸ்க் மட்டும் எழுத்தின் நடுவில் செத்துப்போகும்.

அதனால் என் பரிந்துரை நீங்கள் கேட்ட இரண்டுமல்ல. எம்710கியூ போன்ற, இன்டெல்லின் ஆறாவது ஏழாவது தலைமுறைப் புரொசசர் உள்ள மினியை விட்டு, எட்டாவது தலைமுறையில் எஸ்எஃப்எஃப் எனப்படும் சின்ன டவரைத் தேடுங்கள். டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060 எஸ்எஃப்எஃப், எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 எஸ்எஃப்எஃப் போன்றவை. ஒரு எம்.2 எஸ்எஸ்டியும் ஒரு 3.5 அங்குல டிஸ்க்கும் இவற்றுக்குள்ளேயே அடங்கும். உள்ளே டிடிஆர்4 ரேம், ஆறு கோர் ஐ5-8500. எம்710கியூ ஒரு பாடப்புத்தகக் கட்டளவு என்றால் இது அதைவிடப் பல மடங்கு பெரிது, ஆனாலும் அலுமாரித் தட்டில் நிற்கும். மினிதான் வேண்டும், வேறு பேச்சில்லை என்றால் எம்710கியூ, அதுவும் விலையைக் குறைத்தால் மட்டும். விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாவது தலைமுறைக்கு முந்தியவை, ஒருசிலவற்றைத் தவிர, அதிகாரபூர்வமாகத் தகுதியில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அலுவலகங்கள் இந்த இயந்திரங்களைக் கழித்துக் கட்டுவதற்கு இது பெரிய காரணம். லினக்ஸ் போடப்போகும் உங்களுக்கு அது குறையே அல்ல, பேரம் பேச நல்ல ஆயுதம்.

மேம்படுத்தலில் நிச்சயமான விடயங்கள் இவை. எம்710கியூவில் இரண்டு ரேம் இடங்கள், ஒவ்வொன்றிலும் 16 போட்டு 32 ஜிபி வரை போகலாம். என்100இல் ஒரே ஒரு நினைவக வழி. இன்டெல் சொல்லும் உச்சம் 16 ஜிபி. 32 ஜிபி துண்டு பல பெட்டிகளில் வேலை செய்கிறது, ஆனால் உங்கள் பெட்டியில் செய்யும் என்று யாரும் உறுதி தர முடியாது. புரொசசரை என்100இல் மாற்றவே முடியாது, அது பலகையோடு பற்றவைத்தது. எம்710கியூவில் மாற்றலாம், ஆனால் ஆறாவது ஏழாவது தலைமுறைக்குள் மட்டும். எட்டாவது தலைமுறைக்கும் எல்ஜிஏ1151 என்றுதான் சொக்கெட்டுக்குப் பெயர், ஊசிகளின் ஒழுங்கு வேறு. பொருந்தும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். 35 வொட் புரொசசருக்கு அமைத்த மினியில் 65 வொட் புரொசசரைப் போட்டாலும் சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே ஓடும். ரேமைப் பொறுத்தவரை, 2025 கடைசியிலிருந்து விலை ஏறிப்போய் இருப்பதால் "பிறகு போடலாம்" என்று 8 ஜிபியுடன் வாங்குவது இப்போது இலாபமில்லை. 16 ஜிபி ஏற்கெனவே உள்ளதாகப் பார்த்து எடுங்கள். உங்கள் வேலைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

கரண்டுக்கு வருவோம். சேர்வர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் பொருள் என்பதால் சும்மா இருக்கும்போது எடுக்கும் வொட்தான் கணக்கு. 12 வொட் எடுக்கும் மினி மாதத்துக்கு 8.6 யூனிட். டிஸ்க்கோடு 22 வொட் எடுக்கும் எஸ்எஃப்எஃப் கிட்டத்தட்ட 16 யூனிட். உங்கள் பழைய டவர் 50 வொட் எடுத்தால் 36 யூனிட். இந்த வொட் அளவுகள் உத்தேசம்தான், பயோஸ் எனப்படும் கணினியின் அடிப்படை அமைப்பும் டிஸ்க்கும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். ஆனால் விகிதம் மாறாது. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால் கூடுகிற யூனிட்டெல்லாம் உங்கள் பில்லின் மேல்படி விலையில்தான் விழும். 60, 90, 120 என்ற எல்லைகளில் ஒன்றுக்குக் கிட்ட நிற்கும் வீடென்றால் பழைய டவரை "இலவசம்" என்று ஓடவிடுவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய தெரிவு.

என்100க்கு ஒரு நேர்மையான சாதகம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் பெட்டிகளில் பல 12 வோல்ட் 3 அம்பியரில் ஓடுபவை. 2022 மின்வெட்டுக் காலத்தில் வீடு வீடாக வந்த, ரவுட்டருக்கான சின்ன டிசி யூபிஎஸ்களின் பெரிய வகையிலேயே அவற்றை ஓட்டலாம். கவனிக்க வேண்டியது அம்பியர். 12 வோல்ட் 2 அம்பியர் மட்டும் தரும் யூபிஎஸ்ஸில் போட்டால், வேலை கூடும் நேரம் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகும். காரணம் தெரியாமல் ரேமைச் சந்தேகிப்பீர்கள். எம்710கியூ 20 வோல்ட் எடுப்பது, அதற்கு இந்த வழி இல்லை. சாதாரண 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று. எழுத்தில் 84 வொட்-மணி, நடைமுறையில் பாதிதான் கைக்கு வரும். சேர்வர், ரவுட்டர், பைபர் பெட்டி எல்லாம் சேர்ந்து 40 வொட் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வாங்கும்போது யூஎஸ்பி டேட்டா இணைப்பு உள்ளதாக எடுங்கள். பற்றரி தீருமுன் சேர்வரை ஒழுங்காக அணைக்கச் சொல்வதற்கு அந்த வயர் வேண்டும், அது இல்லாத யூபிஎஸ் சாவைக் கொஞ்சம் பிந்திப்போடுவது மட்டுமே. பயோஸில் கரண்ட் திரும்பியதும் தானாக ஒன் ஆகும் அமைப்பையும் போடுங்கள். டெல்லில் அது ஏசி ரிக்கவரி, லெனோவோவிலும் எச்பியிலும் ஆஃப்டர் பவர் லொஸ். என்100 பெட்டிகளில் ஸ்டேட் ஆஃப்டர் ஜி3 என்ற விளங்காத பெயரில் ஒளிந்திருக்கும், அதை எஸ்0 ஆக்க வேண்டும்.

சூடும் உப்பும் திருகோணமலையில் தனி அத்தியாயம். கச்சான் வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும், அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் அறைக்குள் இன்னும் கூட. மினி பிசியை ரிவி அலுமாரிக்குள் கதவை மூடி வைத்தால் உள்ளிருக்கும் எஸ்எஸ்டி 70 பாகைக்கு ஏறி வேகத்தைக் குறைக்கும், ஹாட் டிஸ்க்கின் ஆயுளும் தேயும். ஹாட் டிஸ்க் 45 பாகைக்குள் நிற்க வேண்டும் என்பதை எல்லையாக வையுங்கள். கடல் பக்க ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், நிலத்திலிருந்து இடுப்பு உயரத்தில், முன்னும் பின்னும் ஒரு சாண் வெளிவிட்டு வைப்பதே போதும். உப்புக்குப் பயந்து பெட்டியைப் பொலித்தீனால் மூடாதீர்கள். உப்பு தனியாகச் செய்வதைவிட ஈரத்தோடு சேர்ந்துதான் கெடுதி செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. மாரியில் மாதக்கணக்கில் அணைத்து வைத்த இயந்திரத்தில்தான் ரேம் தொடுமுனைகள் பச்சை பிடிக்கும். அப்படி ஆனால் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் விசிறியைப் பிடித்துக்கொண்டு தூசு ஊதி எடுங்கள். விசிறி சுழன்றபடி ஊதினால் பேரிங் போகும். எஸ்எஃப்எஃப் பெட்டியின் பின்பக்கத்து வெற்று ஓட்டைகளை மூடி வையுங்கள், பல்லிக்கு அந்தச் சூடு நல்லாய்ப் பிடிக்கும்.

இடிமின்னலை ஆட்கள் கரண்ட் வயரோடு மட்டும் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஆபத்தான பாதை வெளியே ஓடும் கமரா வயர். கூரை விளிம்பில் இருக்கும் கமராவின் செப்பு வயர் நேரே சேர்வரின் நெற்வேர்க் துளைக்கு வந்தால், பக்கத்தில் விழும் இடி கூட அந்தத் துளையை எரிக்கலாம். கமராக்கள் தனி பிஓஈ சுவிட்சுக்கு (நெற்வேர்க் வயரிலேயே கமராவுக்குக் கரண்டும் கொடுப்பது) வரட்டும், அங்கிருந்து ஒரு வயர் சேர்வருக்குப் போகட்டும். அப்போது முதலில் சாவது மலிவான சுவிட்ச். பைபர் வயர் மின்னலைக் கடத்தாது, அது வரும் பெட்டியின் அடாப்டர் கடத்தும். சர்ஜ் புரொடெக்டர் எல்லாம் வீட்டு எர்த் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். உங்கள் எர்த் எப்படி என்று எழுத்தில் பார்த்துச் சொல்ல முடியாது, எர்த் ரெஸ்டர் வைத்திருக்கும் வயரிங் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை. கொழும்பு யூனிட்டி பிளாசாவில் எடுத்தாலும் இங்கே ரவுணில் எடுத்தாலும், லினக்ஸ் போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கொண்டு போய் அதிலிருந்து பூட் செய்யுங்கள். பயோஸுக்குள் போக முடிகிறதா, பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டிய பயோஸ் உள்ள அலுவலக இயந்திரம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய இலக்க வரிகளின் மூல அளவு (ரோ வல்யூ) பூச்சியமாக இருக்க வேண்டும். 199 கூடியிருந்தால் டிஸ்க்கைவிட வயரில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அடாப்டர் அசலா என்று பாருங்கள். டெல் மினிகள் அடாப்டரை நடு ஊசியால் அடையாளம் காணாவிட்டால் புரொசசரை மிகக் குறைந்த வேகத்தில் பிடித்து வைக்கும், ஆட்கள் அதை இயந்திரத்தின் கோளாறு என்று நினைப்பார்கள். பாவித்த மினிகளில் அடிக்கடி காணாமல் போயிருப்பவை மூன்று: 2.5 அங்குல டிஸ்க் பிடிக்கும் தட்டு, அதற்கான பட்டை வயர், எம்.2 ஆணி. பட்டை வயர் அந்தந்த மொடலுக்கே உரியது, தனியாகத் தேடினால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டியிருக்கும். பார்சலில் எடுப்பதென்றால் இந்த மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வந்த பிறகு ஒழுங்கு இப்படி இருக்கட்டும். தூசு எடுத்து, புரொசசரின் காய்ந்த தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு இரவு முழுக்க ஓடட்டும். பிறகு எஸ்எஸ்டியில் டெபியன் லினக்ஸ், அதன் மேல் மென்பொருள்களைத் தனித்தனியாக ஓட்டும் டொக்கர், அதில் இம்மிச், ரிவிக்கு வீடியோ அனுப்பும் ஜெலிஃபின், கமராவுக்கு ஃபிரிகேட். ஒரே இயந்திரத்தைப் பல கணினிகளாகப் பிரிக்கும் புரொக்ஸ்மொக்ஸும் போடலாம், பழகியவருக்கு வசதி. ஒரே இயந்திரத்தில் மூன்று வேலைக்கு அது கட்டாயமில்லை. ஹாட் டிஸ்க்கை, தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையாக எடுத்து, லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபோர்மட் செய்யுங்கள். விண்டோஸில் இருந்து வந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை அப்படியே மாட்டினால் ஒரு கரண்ட் வெட்டுக்குப் பிறகு மவுண்ட் ஆக (கணினியோடு சேர) மறுக்கலாம். இங்கே ஒரு நுணுக்கமான பொறி உண்டு. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்தப் பெயரில் ஒரு வெறும் போல்டர் எஸ்எஸ்டியில் இருக்கும். கமரா மென்பொருள் அது தெரியாமல் அங்கேயே எழுதிக்கொண்டு போய் எஸ்எஸ்டியை நிரப்பி, எல்லாவற்றையும் நிறுத்தும். டிஸ்க்கை அதற்கே உரிய யூயூஐடி இலக்கத்தால் மவுண்ட் செய்து, மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெறும் போல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள். இம்மிச்சின் டேட்டாபேஸ் எஸ்எஸ்டியிலேயே இருக்க வேண்டும், ஹாட் டிஸ்க்கில் வைத்தால் படங்களை உருட்டும்போது தடக்கும்.

வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்கும் யோசனையைக் கைவிடுங்கள். 4ஜி இணைப்பென்றால் பெரும்பாலும் திறக்கவும் முடியாது. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் பலரோடு ஒரு முகவரியைப் பங்குபோடுகிறீர்கள், போர்ட் திறந்தாலும் பயனில்லை. உங்கள் சாதனங்களைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டால் இரண்டு நிலைமையிலும் வேலை முடியும், செலவுமில்லை.

கடைசியாக அந்த 2012 டவர். அதன் வீடியோ இயந்திரத்துக்கு எச்.265 தெரியாது, கரண்டும் குடிக்கும், ஆகவே தினசரி வேலைக்கு உதவாது. ஆனால் அதற்குள் 3.5 அங்குல டிஸ்க் இடங்கள் இருக்கின்றன. ஒரு 2 டிபி டிஸ்க்கைப் போட்டு, கிழமைக்கு ஒருதரம் ஒன் செய்து, படங்களையும் இம்மிச் டேட்டாபேஸின் கொப்பியையும் எடுத்துவிட்டு அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். படம் மட்டும் இருந்து டேட்டாபேஸ் இல்லையென்றால் அல்பங்களும் முகப் பெயர்களும் போய்விடும். இரண்டு கொப்பியும் ஒரே வீட்டில் இருந்தால் போதாது. 2004 டிசம்பர் சுனாமியையும் 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி கரையேறியதையும் கண்ட கரையோரம் இது. மூன்றாவது கொப்பி ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் வவுனியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும், திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் போய்வரும்போது மாற்றிக்கொள்ளலாம். அந்த டிஸ்க்குக்குக் கட்டாயம் என்கிரிப்ஷன் போடுங்கள், பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். பழைய டவரைத் தொடங்குமுன் அதன் சிஆர்2032 காசுப் பற்றரியை மாற்றுங்கள். நேரம் 2012க்குப் போய் நின்றால் கொப்பி எடுக்கும் மென்பொருள் எது புதிய கோப்பு என்று தெரியாமல் குழம்பும்.